டீச்சர் வீட்டுச் சரிவு

இப்ப எறங்காதீங்க. உக்காருங்க அப்படி. பனி காயட்டும். ஈரப் புல்லுல மெஷினைப் போட்டா பிளேடுல சுத்திக்கும். அது கூடப் பரவால்ல, கழட்டி எடுத்துக்கலாம். கால் வழுக்குனா என்ன பண்றது? வெயில் இந்தப் பக்கம் திரும்ப எப்படியும் பத்து மணி ஆயிரும். அது வரைக்கும் நமக்கு வேலை இல்ல.

பேரு என்ன சொன்னீங்க? ஞானசேகரன். கூடலூர்ல எஸ்டேட்ல மெஷின் ஓட்டியிருக்கீங்க, சரி. ஆனா அங்க தரை இப்படி நட்டுக்க நிக்காது. இங்க மெஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு நீங்க கீழ எறங்கணும். இடுப்புல கயிறு. கயித்தோட இன்னொரு முனையை நான் மேல மரத்துல ஒரு சுத்து சுத்திப் பிடிச்சிருப்பேன். நீங்க நகர நகர விடுவேன், வழுக்குனா இறுக்குவேன். அவ்வளவுதான் தொழில். குன்னூர்ல எந்த பங்களாவுல வேணா கேட்டுப் பாருங்க, சரிவுல புல்லு வெட்டணும்னா ரெண்டு பேரைத்தான் சொல்லுவாங்க. கீழ எட்வின், மேல தங்கையா. தங்கையா நான்தான். பன்னெண்டு வருசம் ஜோடியா நின்னோம்.

எட்வின் எங்கன்னு கேக்க வர்றீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. நானே சொல்லிடறேன். வேற யாராவது சொன்னா தங்கையா பொறாமை பிடிச்சவன்னு ஆரம்பிப்பாங்க. என் பொண்டாட்டியே அப்படித்தான் சொல்றா. "நான் யாரோடயாவது ஓடிப் போயிருந்தாக் கூட நீங்க இவ்வளவு பொலம்பியிருக்க மாட்டீங்க"ன்னு சொல்றா. பாருங்க, வீட்டுல இருக்கறவ பேசற பேச்சா இது? எனக்கு என்னங்க பொறாமை? நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

சுகுணா டீச்சர்னு ஒருத்தங்க. பெரிய ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க வீடு மேல ரோட்டோரத்துல. வீட்டுக்குக் கீழ சரிவு, முழுக்கப் புல்லு. மழைக்காலத்துல பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வெட்டலைன்னா இடுப்பு உசரம் வந்து நிக்கும். இந்த ஊர்லயே மோசமான சரிவு அதுதான். மத்தவன் எவனும் கால் வெக்க மாட்டான். நாங்க வெட்டி முடிச்சா ரோட்டுல போறவன் நின்னு பாத்துட்டுப் போவான், அப்படி இருக்கும்.

போன வருசம் ஜூன் மாசம் அங்க எட்வினுக்குக் கால் வழுக்கிருச்சு. மெஷின் ஓடிட்டு இருக்கு, ஆள் மல்லாக்கப் போறான். நான் இறுக்கிட்டேன். ஒரு முழம் கூட எறங்கல, அப்படியே கயித்துல தொங்குனான். பிளேடு பூட்ஸை லேசாத் தடவிட்டுப் போச்சு, அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். "அண்ணே, மேல நீங்க இருக்கீங்க, எனக்கென்ன"ன்னான். அவன் எப்பவும் சொல்றதுதான்.

ஆனா டீச்சர் ஜன்னல் வழியாப் பாத்துட்டாங்க. ஓடி வந்து, "இனிமே இந்தச் சரிவுல ஒருத்தரும் மெஷினோட எறங்கக் கூடாது. ஒரு புல்லுக்காக மனுசன் சாகறதா?"ன்னாங்க. நான் சொன்னேன், டீச்சர், கயிறு நின்னுச்சே, பாத்தீங்கல்லன்னு. அதை அவங்க காதுல வாங்கிக்கவே இல்ல. எனக்கு அன்னிக்கே சுருக்குன்னு இருந்துச்சு. பிடிச்சவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. விழுந்தவனுக்கு சூடா காப்பி.

ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு விட்டாங்க. போனா, அங்க ஒரு பொம்பள நிக்கிறா. கமலவேணியாம். ஏதோ நர்சரியில பத்து வருசம் வேலை பாத்தவளாம். டீச்சர் சொல்றாங்க, "தங்கையா, புல்லை எடுத்துடப் போறோம். வளைஞ்சு வளைஞ்சு கல்லுப் பாதை போட்டு, ரெண்டு பக்கமும் ஒரு தடவ நட்டா வருசா வருசம் தானா வர்ற பூச்செடி வெக்கப் போறோம். வெட்டவே வேண்டாம், நடந்து போய்ப் பாத்துட்டு வந்தாப் போதும்."

சரி, அவங்க எடம், அவங்க இஷ்டம். நான் எட்வினைப் பாத்தேன். ரெண்டு பேரும் சேந்து வருத்தப்படுவோம்னு பாத்தேன். அவன் அவளைக் கேக்கறான், "கல்லு எங்க இருந்து வரும்?"னு. முகமெல்லாம் பல்லு.

அடுத்த நாள்ல இருந்து அவன் அவகூட. கல்லு தூக்கறதும் அவன், குழி எடுக்கறதும் அவன். எனக்கும் வேலை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. டீச்சர் என்னையும் கூப்பிட்டாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன். ஒரு பொம்பள அளவு நாடாவப் பிடிச்சுக்கிட்டு, இங்க தோண்டு, அங்க தோண்டுன்னு சொல்ல, நான் தோண்டறதா? நான் மேல நிக்கிறவன்.

ஆனா தினமும் போவேன். சும்மா. அந்த வழியாத்தான் கடைக்குப் போகணும். சரி, கடைக்கு வேற வழி இருக்கு, அது ஏத்தம். ரோட்டுல நின்னு ஒரு பத்து நிமிசம் பாப்பேன். அவ சுண்ணாம்புப் பொடியால தரையில கோடு போடுவா, இவன் அந்தக் கோட்டுல கல்லைப் பாவுவான். டீ நேரத்துல ரெண்டு பேரும் ஒரே கல்லுல உக்காந்து பேக்கரி வர்க்கி சாப்பிடுவாங்க. எட்வின் வர்க்கியை ஒடைச்சா மேல இருக்கற மொறுமொறு பாகத்தை எனக்குத் தருவான், பன்னெண்டு வருசமா. எனக்கு அதுதான் பிடிக்கும்னு அவனுக்குத் தெரியும். அன்னிக்குப் பாத்தா அதை அவகிட்ட நீட்டறான். வயிறு எரிஞ்சுதுங்க. ஒரு வர்க்கிக்கா இப்படின்னு கேப்பீங்க. ஆமா, ஒரு வர்க்கிக்குத்தான்.

நீங்க தப்பா நெனைக்காதீங்க. அவங்களுக்குள்ள அப்படி இப்படின்னு நான் சொல்லல. அவ புருசன் விட்டுட்டுப் போனவ, இவன் கல்யாணமே பண்ணாதவன், ரெண்டு பேரும் நாப்பது தாண்டியாச்சு. கட்டிக்கிட்டாக் கட்டிக்கட்டும், எனக்கென்ன. ஆனா அவன் பேச்சு மாறிருச்சு. ஒரு நாள் சாயங்காலம் வழியில பாத்து, "அண்ணே, இந்த நீலக் குண்டுப் பூ இருக்கே, அது பேரு அகபாந்தஸ். கிழங்கைப் பிரிச்சுப் பிரிச்சு நடலாம், சாகவே சாகாது"ங்கறான். என்கிட்ட பூப்பேரு சொல்றான்! வேற வீட்டு வேலைக்கு வாடான்னா, இந்தப் பாதை முடியட்டும்ணேங்கறான். மூணு வீட்டு வேலை கை விட்டுப் போச்சு. கீழ ஆள் இல்லாம மேல நின்னு நான் யாருக்குக் கயிறு பிடிக்கிறது?

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன்.

ஆரம்பத்துல, கோடு போடறதுக்கு முன்னாடி, அவ என்கிட்ட வந்தா. அன்னிக்கு எட்வின் அங்க இல்ல, கல்லு ஏத்தப் போயிருந்தான். வந்து மரியாதையாத்தான் கேட்டா. "அண்ணா, இத்தனை வருசம் மேல நின்னு பாத்திருக்கீங்க. மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்க ஊறி நிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். சொன்னீங்கன்னா அதுக்குத் தகுந்த மாதிரி பாதையைத் திருப்பிடலாம்."

எனக்குத் தெரியுமான்னா, தெரியும். சரிவுல பாதி தூரம் எறங்கினா வலது பக்கம் ஒரு எடம். கோடையில ஊரெல்லாம் புல்லு மஞ்சளாக் காஞ்சு கெடக்கறப்ப அங்க மட்டும் பச்சையா இருக்கும். உள்ள ஊத்து. மேல காஞ்ச மாதிரி தெரியும், கால் வெச்சா உள்வாங்கும். எட்வின் அந்தப் பக்கம் வந்தா நான் கயித்தை இடது பக்கமா இழுத்து அவனை ஓரமாக் கொண்டு போயிருவேன். அந்தப் புல்லைக் கடைசியில நானே போய் அருவாளால அறுத்துக்குவேன். அவனுக்குக் காரணம் தெரியாது. கேக்கவும் மாட்டான். நான் இழுத்த பக்கம் போவான்.

அவகிட்ட சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசப் பேச்சு. ஆனா அவ கேட்ட விதம், இருங்க, விதம் நல்லாத்தான் இருந்துச்சு. அவ கேட்டதே பிடிக்கல, அவ்வளவுதான். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா, இதையும் வாங்கிட்டுப் போகப் பாக்கறாளேன்னு தோணுச்சு. "நான் கயிறு பிடிக்கிறவன்மா. கீழ என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"னேன். அவ கையில இருந்த அளவு நாடாவைச் சுத்தினா. "சரிங்கண்ணா"ன்னு போயிட்டா.

பாதையோட மூணாவது திருப்பம் நேரா அந்த எடத்துல வந்துச்சு. ரோட்டுல இருந்து பாத்தேன். அங்க முட்டு கொடுத்து, தடுப்புக் கல்லு அடுக்கி, சுத்தி நீலக் குண்டுப் பூவா நட்டு வெச்சாங்க. அழகாத்தான் இருந்துச்சு. கார்ல போறவங்க நிறுத்தி போட்டோ எடுத்தாங்க. டீச்சர் ஒவ்வொருத்தர்கிட்டயும், "எட்வினும் கமலமும் போட்டது"ன்னு சொல்றாங்க. பன்னெண்டு வருசம் அதே சரிவு பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தப்ப ஒருத்தராவது எட்வினும் தங்கையாவும் வெட்டினதுன்னு சொன்னாங்களா? கேளுங்க.

நவம்பர்ல மழை பிடிச்சுது. நாலு நாள் விடல. அஞ்சாம் நாள் காலையில கொஞ்சம் வெறிச்சுது. பதினோரு மணி இருக்கும், நான் குடையோட ரோட்டுல நிக்கிறேன். கீழ எட்வின் சாஞ்ச செடிக்கெல்லாம் குச்சி ஊனிட்டு இருக்கான். மூணாவது திருப்பத்துல. தடுப்புக் கல்லு அவன் தலைக்கு மேல கொஞ்சம் வயிறு தள்ளின மாதிரி இருக்கு. எனக்குத் தெரியுது. மேல ரோட்டுல இருந்து பாத்தா நல்லாத் தெரியுது.

வாய் வரைக்கும் வந்துச்சுங்க. "டேய், அங்கருந்து வாடா"ன்னு. சத்தியமா வந்துச்சு. அப்ப அவ பிளாஸ்கை எடுத்துட்டு எறங்கறா. இவன் நிமிந்து ஏதோ சொல்றான். அவ சிரிக்கிறா. சத்தமா சிரிக்கிறா. நான் வாயை மூடிக்கிட்டேன். அவளே சொல்லட்டும், பெரிய நர்சரிக்காரிதானேன்னு. அந்த நிமிசமே சரியும்னு யாருக்குங்க தெரியும்? ஒரு மாசம் கழிச்சு சரிஞ்சிருக்கலாம். சரியாமலே கூட இருந்திருக்கலாம்.

அவ ரெண்டாவது திருப்பத்துல இருக்கறப்ப கல்லு வந்துருச்சு. மண்ணோட, செடியோட. எட்வினோட வலது கால் மேல. நான் எப்படி ஓடினேன்னு எனக்கே தெரியாது. குடை எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. நானும் அவளும் சேந்துதான் கல்லைப் பொரட்டினோம். அவ கையெல்லாம் ரத்தம். கால் ரெண்டு எடத்துல ஒடைஞ்சு போச்சு, உள்ள கம்பி வெச்சாங்க.

ஆஸ்பத்திரியில டீச்சர் கேட்டாங்க, "இவ்வளவு ஊத்து இருக்கற எடம், ஒருத்தருக்குமா தெரியாமப் போச்சு?" நான் சுவரைப் பாத்துட்டு நிக்கிறேன். கட்டில்ல படுத்திருக்கறவன் சொல்றான், "அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா என்னை அங்க நிக்க விடுவாரா டீச்சர்? அவருக்கும் தெரியாது. பாவம், அவரை விடுங்க."

அவன் தலைமாட்டுல கமலவேணி நிக்கிறா. என்னைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. "நான் அண்ணன்கிட்ட கேட்டேனே"ன்னு அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். சொல்லியிருந்தா நான் இல்லவே இல்லைன்னு சாதிச்சிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், எட்வின் யார் பக்கம்னு பாத்திருக்கலாம். அவ சொல்லல. டம்ளர்ல பாலை ஊத்தி ஆத்த ஆரம்பிச்சுட்டா. எனக்கு அதுதாங்க தாங்கல. என் தப்பைக் கூட அவ கையில வெச்சுக்கிட்டா. அவ நெனச்சா நான் எட்வினுக்கு அண்ணன், அவ நெனச்சா இல்ல.

நாலு மாசம் அவன் நடக்கல. ஞாயித்துக்கிழமை தவறாம போவேன், பழம் வாங்கிட்டு. ஒவ்வொரு தடவையும் அவ இருப்பா. கால் பிடிச்சு விடுவா, கஞ்சி கொடுப்பா. "அண்ணா, உக்காருங்க"ன்னு ஸ்டூலைத் தள்ளுவா. ஒரு குத்தல் கிடையாது, ஒரு ஜாடைப் பேச்சு கிடையாது. நானும் பாத்துட்டே இருந்தேன், எப்பத்தான் சொல்லுவாளோன்னு. ஒரு மனுசி எவ்வளவு நாளைக்கு இப்படி நல்லவளாவே இருப்பா? நடிப்புன்னாக் கூட ஒரு நாள் கலையாதா?

மார்ச் மாசம் டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. எட்வின் எனக்கு ஆள் விட்டு அனுப்புனான். கயித்தை எடுத்துட்டு வாங்கண்ணேன்னு. போனேன். டீச்சர் வீட்டுச் சரிவு. பாதையோட தலைப்புல கம்பு ஊனிட்டு நிக்கிறான். பக்கத்துல அவ, கையை நீட்டிக்கிட்டு. அவன் சொல்றான், "இல்ல கமலம், நீ முன்னாடி எறங்கு. அண்ணன் மேல கயிறு பிடிச்சாத்தான் எனக்குக் கால் ஊனும்."

என்ன சொல்லட்டும் உங்களுக்கு. அவ நீட்டின கை அப்படியே நிக்குது. சந்தோசமா இருந்துச்சு, மறைக்க மாட்டேன். அவன் இடுப்புல நானே முடிச்சுப் போட்டேன். மரத்துல ஒரு சுத்து. விட்டேன், ஒவ்வொரு அடியா. முதல் திருப்பம். ரெண்டாவது திருப்பம். ஆளு மெலிஞ்சுட்டான், கயித்துல கனமே இல்ல, அது ஒண்ணுதான் கஷ்டமா இருந்துச்சு.

மூணாவது திருப்பத்துல கல்லைத் திரும்ப அடுக்கி, பாதையை உள்பக்கமாத் தள்ளிப் போட்டிருந்தாங்க. அந்தப் பச்சை எடம் பாதைக்கு வெளிய போயிருச்சு. அங்க அந்த நீலப் பூ ஒண்ணு, மழையில தப்பிச்சது, தன்னால பூத்து நிக்குது. எட்வின் அதைப் பாத்துட்டு நின்னான். பாதையை விட்டு ஒரு கால் வெளிய வெக்கப் போறான். மேல திரும்பிக் கேக்கறான், "அண்ணே, இங்க கால் வெக்கலாமா? காஞ்சுதான் இருக்கு."

"வெக்காதடா!"ன்னு கத்திட்டேன். "அது மேலதான் காயும், உள்ள எப்பவும் ஊறிட்டே இருக்கும். பன்னெண்டு வருசமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடிச்சப்பறம்தான் என்ன சொன்னேன்னு என் காதுல விழுந்துச்சு.

எட்வின் காலைப் பின்னாடி எடுத்துட்டான்.  அப்பறம் அவளைக் கேட்டான், சத்தமா இல்ல, ஆனா அந்தச் சரிவுல கீழ பேசறது மேல நல்லாக் கேக்கும். "பாதை போடறப்ப நீ அண்ணன்கிட்ட கேட்டியா?"

அவ தரையைப் பாத்தா. "விடுங்க. நடங்க."

"கேட்டியா?"

அவ அவன் முழங்கையைப் பிடிச்சு நடக்க வெக்கப் பாத்தா.  அவன் என்னைப் பாத்தான். திட்டுவான்னு நெனச்சேன். ஏன்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக் கூட வர்க்கியில இருந்து ஆரம்பிச்சுச் சொல்லியிருப்பேன். அவன் கம்பைக் கல்லுல சாத்தி வெச்சுட்டு இடுப்புல கையை வெச்சான். முடிச்சை அவுக்கறான். நான் போட்ட முடிச்சு லேசுல வராது. ரொம்ப நேரம் நகத்தால நெண்டிட்டு நின்னான். நான் கயித்தைத் தொய்ய விட்டிருந்தா அவனுக்குச் சுளுவா வந்திருக்கும். விடல. பிடிச்சுட்டே இருந்தேன்.

அவுத்து, கயித்தைப் பக்கத்துல கல்லு மேல வெச்சான். கீழ போடல, வெச்சான். அப்பறம் அவ தோள்ல கையைப் போட்டுக்கிட்டு மிச்சப் பாதையை எறங்கிப் போனான்.

அவ ஒரு தடவை மேல பாத்திருக்கலாம். ஜெயிச்சுட்டேன் பாருன்னு ஒரே ஒரு பார்வை. அப்படிப் பாத்திருந்தா எனக்கு ஆறியிருக்கும். பாக்கலைங்க.

ஆச்சு, ஒரு மாசம். இப்ப நீங்களே சொல்லுங்க, இதுல என் பொறாமை எங்க இருக்கு? அவளா வந்து கெடுத்தா. அவ வராம இருந்திருந்தா இன்னிக்கு இங்க நீங்க உக்காந்திருக்க மாட்டீங்க, எட்வின் உக்காந்திருப்பான்.

வெயில் வந்துருச்சு பாருங்க, புல்லு காஞ்சிருக்கும். இந்தாங்க கயிறு, நல்லா இடுப்பெலும்புக்கு மேல வரணும். என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? மெஷினை எடுக்கப் போறீங்களா, கெளம்பறீங்களா?